விசாரணை யன்னலில் பத்தொன்பது வருசம்

றெயில் ஓட்டுகிறவனை ஒருவரும் ஏசுவதில்லை. றெயில் எப்ப வரும் என்று சொல்ல இருக்கிறவனைத்தான் எல்லோரும் ஏசுவார்கள். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் யாழ்ப்பாணப் பட்டினத்து ஸ்டேசனில் அப்படி ஏச்சு வாங்குவதுதான் என் உத்தியோகம். ஸ்டேசனுக்குள் றெயில், வாசலில் கீரிமலைக்கும் அச்சுவேலிக்கும் போகும் பஸ்கள். ஒன்று வந்து சேர, மற்றது போய்விட்டிருக்கும். தபாற்கந்தோரோ ஆசுப்பத்திரியோ, எங்காவது யன்னலுக்குப் பின்னால் இருந்து சீவித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நீங்களும் நானும் ஒரே வருத்தக்காரர்.

பிந்தின கடிதம்

காலை றெயில் பிந்தினால் கந்தோர்க்காரர் மேலதிகாரிக்குக் காட்ட என்னிடம் வந்து அதை ஒரு துண்டில் எழுதி வாங்கிப் போவார்கள். சுன்னாகத்திலிருந்து வரும் ஒரு கிளாக்கர் வாரத்தில் மூன்று நாளாவது வரிசையில் நிற்பார். ஒருநாள் றெயில் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது. எனக்கே நம்பமுடியவில்லை. நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்கலாம் என்று இருக்க, ஒரு மணித்தியாலம் கழித்து அவர் பஸ்ஸில் வந்து, வேர்க்க விறுவிறுக்க யன்னலடியில் நின்றார்.

"இண்டைக்கு றெயில் பிந்தேல்லையே, அண்ணை" என்றேன்.

"அதைத்தான் எழுதித் தாரும். நேரத்துக்கு வந்தபடியாலைதானே நான் தவறவிட்டனான்!"

மடியில் ஒரு செம்பு

கொடிகாமத்துப் பக்கத்து றெயில் அன்று முக்கால் மணித்தியாலம் பிந்தி வந்தது. அதிலிருந்து இறங்கிய ஒருவர், வெள்ளைத் துணியால் வாய் கட்டிய செம்பு ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி வந்து கீரிமலை பஸ்ஸைக் கேட்டார். தகப்பனின் சாம்பல். கடலில் கரைப்பதற்கு ஐயர் அங்கே காத்துக்கொண்டு நிற்கிறாராம். பஸ் அப்போதுதான் போய்விட்டது. அதைச் சொன்னேன். சொல்லுவதுதானே என் வேலை.

ஏசுவார் என்று பார்த்திருந்தேன். அவர் வாங்குப் பலகையில் குந்தி, செம்பை மடியில் வைத்து, துணியின் முடிச்சைச் சரிசெய்தார்.

"அப்பா சீவியம் முழுக்க பஸ்ஸைத் தவறவிட்ட மனுசன். இண்டைக்கும் அவர் தன்ரை பழக்கத்தை விடேல்லை."

சப்பாத்துக் கயிறு

சண்டிலிப்பாய்ப் புகையிலைத் தோட்டக்காரர் ஒருவர் சைக்கிள் கரியரில் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். மகளுக்கு மறுநாள் கொழும்பில் ஆசிரியர் வேலைக்கு நேர்முகப் பரீட்சை. அவள் பஸ்ஸில் வருகிறாள். பஸ் வரவில்லை, கொழும்பு றெயில் வந்துவிட்டது. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியைப் பிடித்தபடி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். கேட்டிருந்தால் வழக்கம்போல "சொல்ல ஏலாது" என்று சமாளித்திருப்பேன்.

யன்னலைச் சாத்திவிட்டுப் போய் றெயில் கார்ட்டிடம் விசயத்தைச் சொன்னேன். கொடியைக் கையில் எடுத்துவிட்ட மனுசன் என்னை ஒருமுறை பார்த்தார். கொடியைக் கக்கத்தில் வைத்தார். குனிந்து ஒரு காலின் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். பிறகு மற்றதை. பிறகு முதலாவதை மறுபடியும். அந்தப் பிள்ளை செருப்பைக் கையில் பிடித்தபடி ஓடிவந்து ஏறியது. பஸ்ஸுக்கு ஆனைக்கோட்டையில் காற்றுப் போய்விட்டதாம். யன்னலைச் சாத்தினதற்கு எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

இரண்டு மாதத்தின் பின் தகப்பன் ஒரு பை கத்தரிக்காயோடு வந்தார். வேலை வேறு யாருக்கோ போய்விட்டதாம். அவர் பையை யன்னலுக்குள்ளால் நீட்டினார்.

"பிந்தினதாலைதான் கிடைக்கேல்லை எண்டு அவள் சாகுமட்டும் நினைக்கத் தேவையில்லை, தம்பி. அது போதும்."

வெள்ளிக்கிழமை

குருநகரிலிருந்து பிலோமினா என்றொரு பெண் வெள்ளிக்கிழமைதோறும் பின்னேரம் வருவா. கோயிலுக்குப் போகும் சீலை உடுத்தி, கொழும்பு றெயிலைக் கேட்பா. புருசன் கொழும்புத் துறைமுகத்தில் வேலை.

"வாறன் எண்டு எழுதினவரோ?"

"இல்லை. வந்தால் வெள்ளிக்கிழமைதான் வருவார். இடது புருவத்திலை தழும்பு இருக்கும். கண்டால் சொல்லுங்கோ."

எட்டு மாதம். பிறகு பிறகு அவவைத் தூரத்தில் கண்டதுமே "இல்லை" என்று தலையாட்டக்கூட அலுப்புப்பட்டேன். அலுவல் இருப்பதுபோலக் குனிந்துவிடுவேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மரப்பெட்டியோடு ஒருவர் குருநகர் பஸ்ஸை விசாரித்தார். இடது புருவத்தில் தழும்பு. "உங்கடை மனிசி வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வந்து உங்களைக் கேட்டுப் போறா" என்றேன். அவர் பெட்டியின் மேலேயே இருந்துவிட்டார். பிறகு எழும்பி, பஸ்ஸுக்கும் நில்லாமல் பெட்டியைத் தோளில் தூக்கினார். இரண்டடி போய்த் திரும்பி வந்து யன்னலுக்குள் முகத்தை வைத்தார்.

"நான் திரும்பி வந்தால் கதவு திறக்கமாட்டன் எண்டு சொன்னவளையோ, ஐயா, நீங்கள் சொல்லுறியள்?"

இத்தனைக்கும் பிறகு இளைப்பாறி வீட்டில் இருக்கிறேன்; சாப்பிட எப்ப வருவியள் என்று மனிசி குசினி அடுப்படியில் இருந்து கேட்டாலும், தலை நிமிர்த்தாமல் "சொல்ல ஏலாது" என்றுதான் வாயில் வருகிறது.