மெதுவாகப் போகும்போது மட்டும்

கத்தாரில் டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்த ஜெரால்டு, போதும் என்று சொந்த ஊரான ஆவூருக்கே திரும்பி வந்தபோது, வாசலில் நின்ற பழைய வெள்ளைக் காரைத்தான் முதலில் தடவிப் பார்த்தான். முன்பொரு லீவில் அவன் வாங்கி நிறுத்திவிட்டுப் போனது. அதற்குப் பிறகு அதை ஓட்டியதெல்லாம் அவன் மனைவி மெர்லின்தான். அவள் இலுப்பூர்ப் பக்கத்தில் டீச்சர். யாரையும் கேட்காமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்தவள். மாமனாரை அவர் கண் மூடும்வரை திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தது அந்தக் காரில்தான். தெருவில் யாருக்குப் பிரசவ வலி எடுத்தாலும் டீச்சர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

வந்த வாரமே ஜெரால்டு பானெட்டைத் திறந்தான்.

"என்ன மெர்லின், இம்புட்டு அழுக்கோடயா ஓட்டிக்கிட்டு இருந்தே?"

"ஓடுச்சுங்க, ஓட்டுனேன்" என்று சிரித்தாள் அவள்.

அன்று மத்தியானம் முழுக்க அவன் இன்ஜினைக் கழுவினான். ரப்பர் குழாய்களை இழுத்து வளைத்து, அடியில் அப்பியிருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தான். எல்லாம் பளபளவென்று ஆனது.

கொஞ்ச நாளில் மெர்லின் சொல்ல ஆரம்பித்தாள். "ஏங்க, வண்டி நின்னு கெளம்பும்போது திணறுது. ஏசி போட்டா ஆஃப் ஆயிடுது. முன்னாடி புஸ்ஸுனு ஒரு சத்தமும் வருது."

ஜெரால்டு விராலிமலை வரைக்கும் ஓட்டிப் பார்த்தான். நாலு வழிச் சாலையில் வண்டி வெண்ணெயாகப் போனது. "எனக்கு ஒண்ணும் ஆகலையே. நீ கிளட்சை டப்புனு விடுற" என்றான். மறுநாளும் வண்டி திணறியது. அதை அவள் அவனிடம் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை இருவரும் இலுப்பூர்க் கடைத்தெருவுக்குப் போனார்கள். மெர்லின் ஓட்டினாள். பஸ் ஸ்டாண்டு திருப்பத்தில் வேகத்தைக் குறைத்ததும் வண்டி குலுங்கி நின்றுவிட்டது. பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டது. அவள் சாவியைத் திருகத் திருக, வண்டி கிளம்பி உடனே அணைந்தது. பூக்கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவளிடம் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் அம்மாவோடு பிளாட்பாரத்தில் நின்றிருந்தார்கள்.

"எறங்கு!" என்று கத்தினான் ஜெரால்டு. "இப்புடி ஓட்டியே வண்டியக் கெடுத்து வச்சிருக்க. ஒனக்கெல்லாம் யாரு லைசென்ஸ் குடுத்தது?"

மெர்லின் இறங்கினாள். அவன் உட்கார்ந்து, ஆக்ஸிலேட்டரை அழுத்திப் பிடித்துக் கிளப்பினான். அவள் ஏறவில்லை. பைகளைக் காரிலேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தாள். திங்கட்கிழமை முதல் பள்ளிக்கூடத்துக்கும் பஸ்தான். சண்டை எதுவும் போடவில்லை. நேரத்துக்குச் சோறு போட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். கார் என்ற பேச்சு மட்டும் அவள் வாயில் வரவில்லை.

வண்டி சரியாகவில்லை. இப்போது அவன் கையிலேயே தெருமுனையில் நின்றுபோனது. டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கும் எரிந்தது. பிளக்குகளைக் கழற்றினான். நுனி சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. புதிதாக மாற்றினான். ஏர் ஃபில்டரை மாற்றினான். பிரயோஜனம் இல்லை. கடைசியில் ஃபோனோடு சேர்த்துக்கொள்ளும் சின்ன ஸ்கேனர் ஒன்றை வாங்கி, ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகினான். இன்ஜினுக்குள் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அது காட்டியது. காற்றை ஈடுகட்ட வண்டியின் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டே இருந்தது. வண்டி நின்ற இடத்தில் ஓடும்போதுதான் அந்தக் கணக்கு எகிறியது. ஆக்ஸிலேட்டரைக் கொடுத்தால் இறங்கிச் சாதாரணமாகிவிட்டது.

அவனுக்கு உடனே புரியவில்லை. இரண்டு மூன்று தடவை செய்து பார்த்த பிறகுதான் உறைத்தது. எங்கோ ஓட்டை இருக்கிறது. வேகமாகப் போகும்போது இன்ஜின் இழுக்கிற மொத்தக் காற்றில் ஓட்டையின் காற்று பெரிதாகத் தெரியாது. மெதுவாகப் போகும்போது மட்டும் அது வண்டியைக் கொன்றுவிடும். அவன் ஓட்டியது நெடுஞ்சாலையில். அவள் ஓட்டியது ஊருக்குள், பிள்ளைகளும் ஆடுகளும் குறுக்கே ஓடும் தெருவில்.

இன்ஜினை ஓடவிட்டு, தோட்டத்து டியூப் ஒன்றின் முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் குழாய் குழாயாக நகர்த்திக்கொண்டே போனான். ஒரு வளைவுக் குழாயின் அடியில் புஸ்ஸென்று கேட்டது. விரலை விட்டுத் தடவினான். கிளிப்பை ஒட்டி நீளமாக ஒரு வெடிப்பு. விரலால் அழுத்தியதும் இன்ஜின் ஆட்டம் அடங்கிச் சீராக ஓடியது. எடுத்தான், மறுபடி திணறியது.

அந்தக் குழாயை வளைத்துத் துடைத்தது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. விரலை ஓட்டையில் வைத்தபடியே வெகுநேரம் குனிந்து நின்றான்.

புதுக்கோட்டையில் புதுக் குழாய் வாங்கி வந்து மாட்டினான். மஞ்சள் விளக்கு அணைந்தது. சாயங்காலம் பஸ் இறங்கி வந்த மெர்லினிடம் பழைய குழாயையே நீட்டினான்.

"நான் கழுவுறப்ப ஒடைச்சிருக்கேன். ஓம் மேல தப்பே இல்ல. நீ அப்பவே சத்தம் வருதுன்னு சொன்ன."

அவள் குழாயை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "சரியாயிடுச்சுல்ல. நல்லதுங்க."

"மன்னிச்சிரு மெர்லின். சாவிய வாங்கிக்க."

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது அவள் ஓட்டினாள். இன்ஜின் இருக்கிற சத்தமே தெரியவில்லை. ஆனாலும் ஒவ்வொரு கியருக்கும் அவள் கண் பக்கத்து சீட்டுக்கு வந்து போனதை ஜெரால்டு கவனித்தான். "நல்லாத்தான் ஓட்டுற" என்றான். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று சொன்னவுடனேயே தோன்றியது. கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால் அவள் ஓரமாக நிறுத்தினாள்.

"நீங்களே ஓட்டுங்க. முன்னெல்லாம் ரோட்ட மட்டுந்தான் பாப்பேன். இப்ப ஒங்க மூஞ்சியையும் பாக்க வேண்டியிருக்கு. ரெண்டையும் என்னால பாக்க முடியலங்க."

தான் இல்லாவிட்டால் ஓட்டுவாளோ என்று எண்ணி, அடுத்த வாரம் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு அவன் திருச்சிக்குப் பஸ்ஸிலேயே போனான். சாவியை டிவிக்குப் பக்கத்தில், கண்ணில் படும்படி வைத்துவிட்டுத்தான் போனான். திரும்பும்போது எதிர்வீட்டுச் சுகுணா மகளோடு ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சலாம்.

"டீச்சரக் கூப்புடலையா?" என்று கேட்டான்.

"கேட்டேண்ணே. அவுக இப்ப ஓட்டுறதில்லன்னுட்டாக."

காரின் மேல் வேப்பம்பூ உதிர்ந்து கலையாமல் கிடந்தது. மெர்லின் உள்ளே பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவன் வந்ததைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்தாள்.

"சாப்புட்டீங்களா?" என்றாள்.