அவள் எழுதிய மேப்

தேவ்நாரில் இருக்கும் எங்கள் ஷெட்டுக்கு வருகிற போன்களில் பாதி, "மேடம் ஹை க்யா?", மேடம் இருக்காங்களா, என்றுதான் தொடங்கும். மேடம் என்பது என் மனைவி. ஷெட்டைத் தொடங்கியவன் நான்.

காரின் இன்ஜின் கம்ப்யூட்டருக்குள் ஒரு மேப் உண்டு. எந்த வேகத்தில் எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி, டர்போவுக்கு எவ்வளவு அழுத்தம் என்றெல்லாம் அதுதான் சொல்லும். அதை மாற்றி எழுதி வண்டிக்குக் கூடுதல் சக்தி கொடுப்பது எங்கள் தொழில். தாராவியில் அப்பாவின் பாத்திரக்கடையில் உட்கார மாட்டேன் என்று சண்டை போட்டு, நானாகக் கற்றுக்கொண்டது.

அவள் மாட்டுங்காவில் வளர்ந்தவள், ஐரோலியில் சாஃப்ட்வேர் வேலை. கல்யாணமான புதிதில் சனிக்கிழமைகளில் வந்து என் ஃபைல்களை ஒழுங்குபடுத்திக் கொடுப்பாள். பிறகு கேள்வி கேட்டாள். பிறகு திருத்த ஆரம்பித்தாள். கடைசியில் வேலையை விட்டுவிட்டு வந்தே விட்டாள். அன்றைக்கு எல்லாருக்கும் ஸ்வீட் கொடுத்தவன் நான்தான். ஒரு வருஷத்துக்குள், அவள் டீ குடிக்கப் போனால் அவளுடைய லேப்டாப்பை எட்டிப் பார்க்கிற ஆளாக மாறியிருந்தேன்.

அப்பாவின் கடைக்குப் பக்கத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி, என்னை டவுசர் போட்ட நாளிலிருந்து அறிந்தவர். போன மழைக்கு முன்னால் செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். சிவப்பு, இரண்டே கதவு. இன்னும் கொஞ்சம் இழுவை வேண்டும் என்று நேராக என்னிடம் கொண்டுவந்தார். அந்த வாரம் அக்காவின் பிரசவத்துக்காக அவள் சான்பாடா போயிருந்தாள். எனக்கு அது வசதியாகவே இருந்தது. டர்போ அழுத்தத்தைத் தாராளமாக ஏற்றி எழுதினேன். உருளைகளின் மேல் வண்டியை ஓடவிட்டு சக்தியை அளந்தபோது, திரையில் கோடு செங்குத்தாக ஏறியது. அண்ணாச்சி அதை போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தார். ஹைவேயில் பறக்கிறதாம். ஆனால் செம்பூர் சிக்னல்களில் உதறுகிறதாம், முன்னால் நிற்கிற ஆட்டோவை இடிக்கப் பார்க்கிறதாம். என்னிடம்தான் சொன்னார், கண் மட்டும் உள்ளே அவள் மேஜைக்குப் போனது.

"தப்பா நினைக்காத தம்பி. தங்கச்சி ஒருக்கா பாக்கட்டுமே."

அவள் என் மேப்பைத் திருத்தவில்லை. அதை ஓரமாக வைத்துவிட்டு, கம்பெனி மேப்பிலிருந்து புதிதாகத் தொடங்கினாள். திருத்தியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. வேலை முடிந்து அளந்தபோது உச்ச சக்தி என்னுடையதைவிடக் குறைவாக வந்தது. அவள் சொல்வதற்கு முன்பே அண்ணாச்சிக்கு போன் செய்து அதைச் சொன்னேன். சரி, இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலில் என் மேப்போடு வாஷி பாலம் தாண்டிப் போய்வந்தோம். பிறகு அவளுடையதை ஏற்றினேன். அண்ணாச்சி ஓட்ட, நான் பக்கத்தில். மான்கூர்ட் நெரிசலில் ஒரு டெம்போவின் பின்னால் ஊர்ந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாரோ அவ்வளவுதான் வண்டி நகர்ந்தது. பாம் பீச் ரோட்டில் காலியான இடத்தில் என்னுடையது தாமதித்துவிட்டு, முதுகில் குத்தித் தள்ளும். இது கீழேயிருந்தே சீராக இழுத்துக்கொண்டு போனது. அழுத்தம் தாங்காமல் இன்ஜின் ஒரு தடவையாவது டக்டக்கென்று தட்டாதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தட்டவில்லை.

வண்டியை ஓரங்கட்டிய அண்ணாச்சி ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தார்.

"இதே இருக்கட்டும் தம்பி."

ஷெட்டில் இறங்கியதும் என்ன சொன்னார் என்று கேட்டாள். பரவாயில்லை என்றார் என்றேன். அண்ணாச்சி அதற்குள் அவளுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். அவள் அதைப் போட்டுக் காட்டவில்லை, போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"என்ன, வருத்தமா?"

"வருத்தமில்ல. பொறாமை."

அந்த வார்த்தையை அதுவரை அவளிடம் நான் சொன்னதில்லை. அவள் சிரிக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை.

"பட்டுக்கோ. ஃபைலை மட்டும் தொடாதே," என்றாள்.

தொடவில்லை. ஆனால் மறுநாள், திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். நாற்காலியை நகர்த்தி இடம் விட்டாள். அழுத்தத்தை ஏன் இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு கொஞ்சமாக ஏற்ற ஆரம்பித்தாள் என்று கேட்டேன். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே, நெரிசலில் சூடான இன்ஜின் எப்படி நடந்துகொள்ளும் என்று விளக்கினாள்.

இப்போதும் பல நாள் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. அவள் சொல்லி முடித்ததும், இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று மறுபடியும் வயிறு எரிகிறது.