வீட்டில் சொல்லாமல் பார்த்த காரைக் கடல்

இதை யாருக்கும் காட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பிரிண்ட் எடுக்க வேண்டாம், மெயிலிலும் அனுப்ப வேண்டாம். திருப்பூரில் என் அப்பாவைத் தெரிந்தவர் என்றால் இத்தோடு மூடிவிடுங்கள். பெரம்பலூர் பக்கம் போக நினைப்பவர்கள் மட்டும் மேலே படியுங்கள். அங்கே இருக்கும் காரை என்ற ஊரைப் பற்றித் தமிழில் தேடியபோது எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. அதனால்தான் எல்லோரும் தூங்கிய பிறகு அண்ணனின் கம்ப்யூட்டரில் எழுதுகிறேன்.

நான் பதினொன்றாம் வகுப்பு, பயாலஜி குரூப். நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பா பனியன் கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர். துணியை எந்த வடிவத்தில் வெட்ட வேண்டும் என்பதற்கான அட்டைகளைச் செய்பவர் அவர்தான். எங்கள் கிறிஸ்தவ சபையில் மூப்பரும்கூட. வரும் ஞாயிறு வாலிபர் கூட்டத்தில் பரிணாமம் பொய் என்று நான் பேச வேண்டும். பேச்சை அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"ஏட்டி, ஒரு பனியன் தானா தச்சுக்கிட்டு வருமா? வராதுல்லா? அப்போ கண்ணு மட்டும் தானா வந்துருமோ?"

என்று அப்பா கேட்டபோது, பயாலஜி டீச்சர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "படிப்பு விசுவாசத்தக் கெடுக்கும்னா பதினொண்ணோட நிறுத்திக்க. கம்பெனியில பனியன் செக்கிங்ல உக்கார ஆள் கேக்காங்க" என்றார். அப்பா சும்மா மிரட்டுகிறவர் இல்லை.

அந்தப் பேச்சில் ஒரு வரி: பெரம்பலூர் பக்கம் கடலே இல்லாத காட்டில் சிப்பி கிடக்கிறது, அது நோவா காலத்து ஜலப்பிரளயத்துக்குச் சாட்சி. நான் கண்ணால் பார்க்காமல் எப்படிச் சாட்சி சொல்வது?

அரையாண்டு விடுமுறையில் வாய்ப்பு வந்தது. என் தோழி கவிதா நெசவுக் குடும்பம். இப்போது தையல் யூனிட் வைத்திருக்கிறார்கள். அவர்களின் குலதெய்வம் பெரம்பலூர் பக்கம்தான். ரெக்கார்டு நோட்டு வரைய அவள் வீட்டில் தங்குகிறேன் என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினேன். கோயில் வேனில் போனதே எங்கள் வீட்டில் தனிக் குற்றம்.

விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினோம். காங்கேயம், கரூர், திருச்சி வழி. காரை வரை ஏறக்குறைய இருநூற்று இருபது கிலோமீட்டர். கரூரில் பொங்கலும் காபியும் ஆளுக்கு இருபத்திரண்டு ரூபாய். பொங்கல் சுமார்தான், காபி அருமை.

நான் எதற்கு வருகிறேன் என்பதைக் கவிதா வேனில் போட்டு உடைத்துவிட்டாள். அவள் அப்பா திரும்பி உட்கார்ந்தார். "இதென்ன கண்ணு பெரிய விசயம்? நம்ம தசாவதாரத்துல மொதல்ல மீனு, அப்பறம் ஆமை, பன்னி, அதுக்கப்பறந்தான் மனுசன். நம்மாளுக அப்பவே சொல்லிப்போட்டாங்க."

பின்சீட்டிலிருந்து அவள் அம்மா கேட்டார். "ஏனுங்க, அப்ப நம்ம முருகன் எதுலீங்க வருவாரு?"

"அவரு மயில்ல வருவாருங்க்கா" என்றார் டிரைவர். வேனே சிரித்தது. எங்கள் வீட்டில் இந்தப் பேச்சுக்கு யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை.

சாமி கும்பிட்டுவிட்டு மூன்று மணிக்குக் காரை போனோம். "வெறும் பள்ளமுங்க, இதையா பாக்க வந்தீங்க?" என்றார் டிரைவர். கசக்கிப் போட்ட துணி மாதிரி பூமி. மஞ்சளும் காவியும் வெள்ளையுமாக ஓடைகள் அறுத்த மேடுகள். கண்ணாடிச் சில்லுகள் போல ஏதோ வெயிலில் மின்னியது. ஜிப்சமாம். காலடியில் சிப்பிகள். ஆட்டுக்கிடாயின் கொம்பு போலச் சுருண்ட கல் ஒன்று என் உள்ளங்கையைவிடப் பெரிது. நான் ஒரு பழைய கடலின் தரையில் நின்றுகொண்டிருந்தேன். முதலில் செய்தது என்ன தெரியுமா? முழங்கால் போட்டு ஜெபம் செய்தேன்.

பிறகு ஓடைக்கரையின் சுவரைப் பார்த்தேன். அடுக்கடுக்காக இருந்தது. ஒரு அடுக்கில் ஒரு வகைச் சிப்பி, அதற்கு மேல் வேறு வகை. நகத்தளவு மெல்லிய சிப்பி, இரண்டு மூடியும் மூடியபடி, உடையாமல் கிடந்தது. உலகத்தையே புரட்டிப் போட்ட வெள்ளம் இப்படியா அடுக்கி வைக்கும்? இல்லை, இவை இங்கேயே வாழ்ந்து, இங்கேயே அடங்கியவை.

அப்போதுதான் அப்பாவின் வேலை நினைவுக்கு வந்தது. அவர் எந்தப் புது ஸ்டைலுக்கும் வெறும் அட்டையில் தொடங்க மாட்டார். ஆணியில் தொங்கும் பழைய அட்டையை எடுத்து வைத்து, கழுத்தை அரை இன்ச் இறக்குவார், கையைக் குறுக்குவார். ஒரு குழந்தைச் சட்டைக்கான அட்டையின் ஓரத்தில் சின்ன வெட்டுக்குறி ஒன்று உண்டு. முன்பு அங்கே பாக்கெட் இருந்தது. பாக்கெட் போய்விட்டது, குறி மட்டும் அட்டைக்கு அட்டை வந்துகொண்டே இருக்கிறது. "இது எதுக்கு மாஸ்டர்?" என்று துணி வெட்ட வந்த புதுக் கட்டர் கேட்டதற்கு, "அது அதோட தாத்தா சட்டையோடதுல்லா" என்று சிரித்தாராம். நமக்கு வால் இல்லை, வாலெலும்பு மட்டும் இருக்கிறது என்று டீச்சர் சொன்னதும் இதுதானே!

கவிதாவிடம் சொன்னேன். "அங்க கத்தரி புடிக்க உங்கப்பா இருக்காரு. இங்க யாருடி?" என்றாள்.

தெரியவில்லை. கர்த்தர் என்றே இன்னும் நம்புகிறேன். ஆனால் பழையதிலிருந்துதான் புதியது வருகிறது. அதை என் கண் பார்த்துவிட்டது. அப்பாவின் கைவேலை மேல் முன்பைவிட மரியாதை கூடிவிட்டது. அதை அவரிடமே சொல்ல முடியவில்லை என்பதுதான் வருத்தம்.

போகிறவர்களுக்கு: திருச்சியிலிருந்து வந்தால் பாடாலூரில் வலதுபுறம் திரும்ப வேண்டும். அங்கிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். கடை, நிழல், கழிப்பறை எதுவும் இல்லை. தண்ணீர் கட்டாயம். செருப்பு சறுக்கும், ஷூ போடுங்கள். எதையும் எடுத்து வராதீர்கள், அடுத்தவர் பார்க்க வேண்டும். மழை நாளில் வேண்டவே வேண்டாம்.

ஞாயிறு என்ன செய்வது என்று மூன்று நாளாக யோசித்தேன். அந்தச் சிப்பி வரியை நான் வாசிக்கப் போவதில்லை. பார்த்ததைச் சொல்வேன். படிப்பை நிறுத்தினாலும் சரி, சபையில் பொய்ச்சாட்சி சொல்ல மாட்டேன். அதை மேடையில் ஏறித் திடீரென்று சொன்னால் அப்பாவுக்குத் தலைகுனிவு. அதனால் முதலில் அவரிடமே சொல்ல—

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். "ஏட்டி, இந்நேரம் என்ன வெளிச்சம்?" என்கிறார். ஸ்கிரீனை அணைத்தால் தூங்கிவிட்டேன் என்று போய்விடுவார். அணைக்கவில்லை. எழுந்து போய்த் திறக்கப் போகிறேன்.