தம் உள்ளவனுக்கு வேலை

என் அக்கா பவுனம்மாளின் புருஷன் சண்முகவேலுக்குக் கொருக்குப்பேட்டை இரும்பு வார்ப்படக் கொட்டகையில் வேலை கிடைத்தது சடுகுடு ஆடியதால்தான். கதை கட்டவில்லை. எங்கள் பக்கம் அப்படித்தான் ஆள் எடுத்தார்கள்.

ஹென்றி மேஸ்திரி ஞாயிற்றுக்கிழமை தண்டவாளத்தோர மைதானத்துக்கு வருவார். எவன் அதிக நேரம் மூச்சு விடாமல் பாடிப் போகிறானோ அவனைத் தட்டுகிற வேலைக்குக் கூப்பிடுவார். வார்த்தெடுத்த இரும்பில் ஒட்டிய மணலை உளியால் தட்டி, சாணைக்கல்லில் தேய்க்க வேண்டும். தூசியில் எதிரே நிற்பவன் முகம் தெரியாது. "மூச்ச அடக்கத் தெரிஞ்சவன் தூசியத் துன்ன மாட்டான்" என்பது மேஸ்திரியின் சாஸ்திரம். நாங்களும் தலையாட்டினோம். நல்ல நெஞ்சாகத் தேடிப் பிடித்து அதில் மண்ணைப் போட்ட புத்திசாலிகள் உலகத்திலேயே நாங்கள்தான்.

மாமா எட்டு வருஷம் தட்டினார். தினமும் சாயங்காலம் ஓர் அச்சு வெல்லம் தின்பார். தூசி வயிற்றோடு இறங்கிவிடுமாம். ஐந்தாம் வருஷம் ஆட்டத்தில் நடுக்கோட்டைத் தாண்டியதுமே தம் அறுந்தது. வயசாகிவிட்டது என்றார்கள். அவருக்கு முப்பத்திரண்டு. எட்டாம் வருஷம் பக்கத்திலிருக்கிற டோல்கேட்டுக்கு நடந்து போக மூன்று இடத்தில் உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரி டாக்டர் முதலில் க்ஷயம் என்று மருந்து கொடுத்தார். நோய் கேட்கவில்லை. அப்புறம்தான் என்ன வேலை என்று விசாரித்தார்.

"கூட வேலை செஞ்சவங்க எப்படி இருக்காங்க?"

மாமா யோசித்தார். "ஒர்த்தரும் இல்லீங்க."

கல் தூசி நெஞ்சில் படிந்துவிட்டது, இதற்கு மருந்து கிடையாது, இனி அந்தப் பக்கமே போகாதே என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

மாமா வேலையிலிருந்து நின்றுகொண்டார். அடுத்த ஞாயிறே அந்த இடத்துக்கு ஆள் தேடி மேஸ்திரி மைதானத்துக்கு வந்தார். அன்றைக்கு என்னைவிடத் தம் உள்ளவன் பேட்டையில் இல்லை. பத்தொன்பது வயது, வேலை இல்லை, திமிர் மட்டும் நிறைய.

"வாணாம்டா கோதண்டம். நீயும் இப்டி ஆயிடுவ" என்றார் மாமா.

"நீ வெல்லம் ஒயுங்கா துன்னல மாமா" என்றேன். இந்த வாயில் போட்டிருக்க வேண்டும்.

பாடிக்கொண்டே போனேன். இரண்டு பேரைத் தொட்டேன். திரும்பும்போது கோட்டுக்கு ஒரு முழம் இருக்கையில் காலை எவனோ கட்டிப் பிடித்தான். பார்த்தால் மாமா! எந்தக் கட்சியிலும் இல்லாத மனுஷன், ஓரமாக உட்கார்ந்திருந்தவர், எழுந்து வந்து விழுந்திருக்கிறார். எல்லோரும் சிரித்தார்கள். நான் பாட்டை விடாமல் அவரையும் இழுத்துக்கொண்டு நகர்ந்தேன். அவர் நெஞ்சு கரகரவென்று இழுப்பது என் காலுக்குத் தெரிந்தது. பிடி மட்டும் விடவில்லை.

"வுடு மாமா!" என்று கத்தினேன்.

கத்தினால் தம் போச்சு. அவுட்டு.

மேஸ்திரி டோல்கேட் அப்பாவுவைக் கூட்டிப் போனார். நாலு மாசத்தில் மாமா போய்ச் சேர்ந்தார். அதுவரை அவரோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை, பாவி.

ஒன்பது வருஷம் தட்டிவிட்டு, போன மாசம் அப்பாவுவும் போனான். சுடுகாடுவரை தோள் மாற்றாமல் நான்தான் தூக்கினேன். திரும்பி வந்ததும் அவன் பெண்டாட்டி என்னைப் பார்த்து, "அது உனுக்கு வர வேண்டிய வேல, அண்ணாத்தே" என்றாள்.

ஆமாம்மா என்றேன்.