தானாகச் சுற்றாத விசிறி

பழைய கார் வைத்திருப்பவர்களின் குழுவில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வண்டிக்கு என்ன நோயோ அதுதான் ஆளுக்குப் பெயர். "என்ன சைலன்ஸர், வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்பார் ஒருவர். "இருக்கோம் ஆயில் லீக். உங்க பொண்ணு பரீட்சை எழுதிட்டாளா?" என்பார் மற்றவர். வாரக் கடைசியில் பெட்ரோல் பங்குக்குப் பின்னால் உள்ள காலி இடத்தில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார்கள். மற்ற நாட்களில் போனிலேயே வைத்தியம் நடக்கும்.

அங்கே என் அத்தானுக்குப் பெயர் சுவிட்ச். அக்காவின் வீட்டுக்காரர். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. அந்த வேலைக்கு மட்டும்தான் அவர் உட்காருவார். மற்றபடி காலில் சக்கரம் கட்டிய மனிதர். சாப்பிடும்போதுகூட ஒரு காலைச் செருப்பில் நுழைத்து வைத்திருப்பார். எங்கள் வம்சத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்பது அவர் நம்பிக்கை. நான் படித்தது பொருளாதாரம். ஆனாலும் வயரிங் படத்தை என் கையில் கொடுத்து, "படிச்ச புள்ள நீ, பாத்துச் சொல்லு மாப்ள" என்பார். தெரியாது என்று சொல்ல மனம் வராமல் நானும் படித்துத் தெரிந்துகொண்டுதான் சொல்வேன்.

அந்தப் பெயர் வந்த கதை இது. எஞ்சின் சூடானால் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுற்ற வேண்டும். சூட்டை அறிந்து விசிறியைக் கிளப்புகிற சென்ஸார் என்ற சின்ன உறுப்பு அத்தானின் வண்டியில் செத்துப்போயிற்று. அந்த மாடலுக்கு உதிரிபாகம் வருவது நின்று வெகுகாலம். அத்தான் யோசித்தார். விசிறியிலிருந்து இரண்டு ஒயரை உள்ளே இழுத்து, அதிக மின்சாரம் தாங்கும் ரிலே ஒன்றை நடுவில் கொடுத்து, டேஷ்போர்டுக்கு அடியில், கியருக்கு நேர் மேலே ஒரு சுவிட்சை வைத்தார். சூடு காட்டும் ஊசி பாதியைத் தாண்டினால் தட்ட வேண்டும், இறங்கினால் அணைக்க வேண்டும். அவ்வளவுதான். குழுவில் ஒரே கொண்டாட்டம். பாதிப்பேர் வண்டியில் அந்தச் சுவிட்ச் ஏறிவிட்டது.

நாள் போகப்போக அவர் கை தானாகவே அங்கே போய் வரும். ஊசியைப் பார்ப்பதும் தெரியாது, தட்டுவதும் தெரியாது. நாம் கண் சிமிட்டுவது நமக்குத் தெரிகிறதா, அப்படி.

இந்த நேரத்தில்தான் அக்காவுக்கு வேலை கிடைத்தது. நகரத்துக்கு வெளியே ஒரு பெரிய சலவைக்கூடம். ஆஸ்பத்திரித் துணிகளெல்லாம் அங்கேதான் போகும். அதில் ஒரு பகுதிக்கு மேற்பார்வை. பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவள், என் படிப்புக்காக நிறுத்தியவள், இத்தனை வருஷம் கழித்து வாங்கிய முதல் வேலை. அந்தப் பக்கம் பஸ் கிடையாது. மேலாளர் அம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தார்: "முதல் நாளே லேட்டா வர்றவங்கள வச்சு நான் ஷிஃப்ட் நடத்த முடியாதும்மா. காத்துக்கிட்டு வேற ஆள் இருக்காங்க."

அக்கா ஓட்டுநர் உரிமம் வாங்கி, அத்தானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழகியும் விட்டாள். வேலையின் முதல் நாள் காலை முதல்முறையாகத் தனியாகக் கிளம்பினாள். அத்தான் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"கதவை லேசாத் தூக்கிச் சாத்து. ரெண்டாவது கியர் கொஞ்சம் அடம் பிடிக்கும், அதட்டாத. வைப்பர் நின்னுட்டா ஒரு தட்டு தட்டு. ஓட்டும்போது போனை எடுக்கவே கூடாது, சத்தியம் பண்ணு."

"இது காரா, மாமியாரா? இவ்வளவு பக்குவமா நடந்துக்கணுமா?"

"எங்கம்மாவ எதுக்கு இழுக்கற?"

"நான் பொதுவாச் சொன்னேங்க. கையை எடுங்க, நேரமாகுது."

போய்விட்டாள். அத்தான் மாடிப்படியில் பாதி ஏறினார், இறங்கினார். தெருமுனை வரை போய்ப் பார்த்தார், திரும்பினார். டீயைக் கையில் வாங்கி ஜன்னலோரம் நின்றவர், ஏதோ நினைப்பில் வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்தார், இடது கையால் கியரை மாற்றினார். அவள் எந்தத் தெருவில் போய்க்கொண்டிருப்பாள் என்று மனதுக்குள் கூடவே ஓட்டிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். இடது கை சற்று மேலே போய் எதையோ தட்டியது. டீ தரையில் கொட்டியது.

"மாப்ள! சுவிட்சச் சொல்லலடா!"

"கூடவே உக்காந்து பழக்கினீங்களே, அப்ப சொல்லலையா?"

"அவ ஓட்டுவா, நான் தட்டுவேன். என் கைதான் தட்டிச்சு. அவ பாத்திருக்கவே மாட்டா."

வழியில் பாலம். காலையில் அங்கே வண்டிகள் நகராமல் நிற்கும். காற்றோட்டம் இல்லாமல் நின்றால் எஞ்சின் கொதிக்கும். போன் அடித்தோம். எடுக்கவில்லை. எடுக்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கியதே இவர்தானே! அத்தான் குழுவில் செய்தி போட்டார். பதில்கள் கொட்டின.

"உடனே வண்டிய ஓரங்கட்டச் சொல்லுங்க."

"ஹீட்டரை முழுசாப் போடச் சொல்லுங்க, சூடு கொஞ்சம் உள்ள வந்துடும்."

"முக்கியமா, ரேடியேட்டர் மூடியத் திறக்கக் கூடாதுன்னு சொல்லுங்க! போன வருஷம் என் மச்சான் திறந்து, கை முழுக்க வெந்துபோச்சு."

"யார்கிட்டடா சொல்றது?" என்று போனைப் பார்த்துக் கத்தினார் அத்தான். "எஞ்சின் போனாப் போகுது மாப்ள. மூடியத் திறந்துட்டான்னா?"

என் ஸ்கூட்டரில் கிளம்பினோம். பின்னால் அவர் உட்காரவில்லை, பாதி நின்றுகொண்டே வந்தார். என் தோளைப் பிடித்து அழுத்துவார், நான் வேகம் கூட்டினால், "பாத்து, பாத்து" என்பார். குறைத்தால், "ஏன், என்ன ஆச்சு?" என்பார். தூரத்தில் பேக்கரியின் அடுப்புப் புகையைப் பார்த்து, "ஆவி, ஆவி!" என்று அலறினார். பாலத்தில் வண்டிகள் எறும்புச் சாரையாய் ஊர்ந்தன. சந்து சந்தாக நுழைந்து கடந்தோம். எங்கள் கார் அங்கே இல்லை.

பாலம் இறங்கியதும் ஒரு டயர் கடை. அதன் நிழலில் நின்றது கார், பானட் திறந்தபடி. அக்கா இல்லை. அத்தான் ஸ்கூட்டர் நிற்பதற்கு முன்பே குதித்தார். ரேடியேட்டர் மூடி திறக்கப்படாமலே இருந்தது. கதவுகள் பூட்டியிருந்தன.

டயர் கடைக்காரர் வெளியே வந்தார். "அந்த அம்மாவோட ஆளா? ஊசி சிவப்பத் தொடறதுக்கு முன்னாடியே இங்க கொண்டாந்து நிறுத்திட்டாங்க. உதவி செய்யலாம்னு மூடிகிட்ட கையக் கொண்டுபோனேன். 'தொடாதீங்க! சோத்துப் பானையா அது?'ன்னு எனக்கே ஒரு அதட்டு."

"அவ எங்க?"

"ஆஸ்பத்திரித் துணி ஏத்திக்கிட்டு ஒரு வேன் வந்துச்சு. கைகாட்டி நிறுத்தி, அதுல ஏறிட்டாங்க."

அத்தான் கடை வாசலில் இருந்த டயர்மேல் உட்கார்ந்தார். உடனே எழுந்துவிட்டார். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாளா என்பது தெரியவில்லையே. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். இடைவேளையில்தான் அக்கா கூப்பிட்டாள்.

"போய்ட்டியா? நேரத்துக்குப் போய்ட்டியா?"

"வேன்காரர் பின்வாசல்ல இறக்கிவிட்டார். அழுக்குத் துணியோட அழுக்குத் துணியா உள்ள வந்தேன். மணி அடிக்கும்போது என் இடத்துல நின்னுட்டேன்." பின்னால் எந்திரங்கள் இரைந்தன. "விசிறி ஏன் சுத்தல?"

அத்தான் சுவிட்சைப் பற்றிச் சொன்னார்.

"இனிமே தெரிஞ்சுடுச்சு இல்ல? ரெண்டு நாள்ல உன் கை பழகிடும்" என்றார்.

"எனக்கு எதுக்குங்க பழகணும்? நான் வேலைக்குப் போறேன், விசிறி போடறதுக்குப் போகல. நாளைக்கும் நான்தான் ஓட்டப்போறேன். நான் மறந்தாலும் அது சுத்தணும்." வைத்துவிட்டாள்.

அத்தான் குழுவில் கேட்டார்: சென்ஸார் எங்காவது கிடைக்குமா? முதல் பதில் ஆயில் லீக்கிடமிருந்து வந்தது. "அப்பவே சொன்னேனே! மாடலே வேறன்னாலும் அதே கம்பெனி சின்ன வேனோட சென்ஸார் அதே மரை, கச்சிதமா உக்காரும், விசிறியக் கிளப்பற சூடும் ஏறக்குறைய ஒண்ணுதான்னு. 'எதுக்குய்யா அலையற, ஒரு சுவிட்சப் போடு'ன்னு என் வாய அடைச்சது யாரு?" அத்தான் போனைப் பையில் போட்டார். உதிரிபாகக் கடைத் தெருவுக்கு ஸ்கூட்டரை விடச் சொன்னார்.

அக்காவைச் சலவைக்கூட வேன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது, மாற்றுச் சாவியால் திறந்து வீட்டுக்கு ஓட்டிவந்த காரில் சென்ஸார் மாட்டியாகிவிட்டது. எஞ்சினைக் கிளப்பி, நின்ற இடத்திலேயே ஓடவிட்டோம். ஊசி ஏறியது. பாதி. பாதிக்கு மேல். அத்தானின் கை கியருக்கு மேலே போயிற்று. அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி இன்னும் கொஞ்சம் ஏறியது. அத்தானுக்கு நெற்றி வேர்த்தது.

"கொதிக்கப் போகுது. விடு, ஒரே ஒரு தடவை."

"சும்மா இருங்க."

முன்னால் ஒரு உறுமல். விசிறி சுற்றியது. ஊசி மெல்ல இறங்கியது. விசிறி தானாகவே நின்றது.

"இருந்தாலும் சுவிட்சும் இருக்கட்டும். ஒரு பாதுகாப்புக்கு" என்றார் அத்தான்.

"கழட்டுங்க."

கழற்றினார். மறுநாள் காலை அக்கா கிளம்பும்போது அவர் ஒரே ஒரு யோசனைகூடச் சொல்லவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினார். கார் தெருமுனை திரும்பியதும் என்னிடம் வந்து, "மாப்ள, ஸ்கூட்டர்ல பெட்ரோல் இருக்கா? பாலம் வரைக்கும் சும்மா போய்ட்டு வருவோம்" என்றார்.