சந்தனம் பூசிய வைப்பர்

எங்கள் கார் வைப்பரின் ரப்பர் நாலு மழைக்காலம் தாங்கியது என்றால் கொல்கத்தாவில் யாரும் நம்பமாட்டார்கள். என் அம்மாவைப் பார்த்திருந்தால் நம்புவார்கள். தினமும் பாங்குக்குக் கிளம்புமுன் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, வைப்பரைத் தூக்கி, அந்த ரப்பர் விளிம்பைக் குழந்தைக்கு மூக்குத் துடைப்பதுபோல் மெதுவாகத் துடைப்பாள். வெயிலில் நிறுத்தினால் அதன்மேல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்துவாள். லேக் கார்டன்ஸில் எங்களுக்கு மேல்மாடியில் இருந்த வங்காளிக்காரர் படியிறங்கும்போதெல்லாம், வைப்பருக்கு ஜுரம் விட்டதா என்று கேட்பார். அம்மா சிரித்துக்கொண்டே துடைப்பாள். எனக்குத்தான் ரோஷம் பொத்துக்கொண்டு வரும்.

அப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பூஜை போடத் தெரியும். நான் மூன்றாவது படித்த வருஷம், ஆயுத பூஜையன்று தையல் மெஷினில் ஆரம்பித்து மிக்ஸி வரைக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர், காருக்கு வந்ததும் கைக்கு வந்தபடி தாராளம் காட்டினார். முன்கண்ணாடி முழுக்க விபூதிப்பட்டை. வைப்பரும் ஆயுதம்தானே என்று அதற்கும் சந்தனம். மறுநாள் பூஜை முடியும்வரை வண்டியைத் தொடக்கூடாது.

சாயங்காலம் சித்திக்கு வலி எடுத்துவிட்டது. பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. வெளியே கொட்டுகிற மழை. தெருவெல்லாம் துர்கா பூஜைக் கூட்டம். ஆம்புலன்ஸ் டாக்குரியா பாலத்தையே தாண்டமுடியாது என்று போனில் சொல்லிவிட்டார்கள். பூஜையாவது ஒன்றாவது என்று அப்பாவே சாவியை எடுத்துக் கொடுத்தார்.

கார் கட்டடத்துக்கு அடியில் நனையாமல் நின்றது. சித்தியைப் பின்சீட்டில் ஏற்றியாயிற்று. அம்மா ஏறவில்லை. ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து கண்ணாடியைக் கழுவ ஆரம்பித்தாள்.

"அவ துடிக்கறா, நீ காரைக் குளிப்பாட்டிண்டிருக்கே!" என்று அப்பா கத்தினார்.

"விபூதியோட வைப்பரைப் போட்டா கண்ணாடி முழுக்க சேறாயிடும். கண்ணு தெரியாம எங்கே கொண்டுபோய் விடறது? செத்த இருங்கோ."

சித்தி "அக்கா, அக்கா" என்று அலறினாள். அம்மா இரண்டாம் தரமும் தண்ணீர் ஊற்றி, வைப்பரைத் தூக்கி, விளிம்பில் ஒட்டியிருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டி, துணியால் வழித்தாள். இவளுக்கு மனசே கிடையாதா என்று எனக்கு அழுகையாக வந்தது.

பிறகு ஓட்டினாளே, அதைச் சொல்லவேண்டும்! தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி நனைந்தபடி ஓட்டிக்கொண்டிருந்தவர்களையும், ஓரமாக நிறுத்திவிட்டவர்களையும் தாண்டித் தாண்டிப் போனோம். எங்கள் கண்ணாடி மட்டும் ஒரு கீறல், ஒரு கோடு இல்லாமல் பளிச்சென்று இருந்தது. ஜாதவ்பூர் பக்கம் முழங்கால் தண்ணீரில்கூட வண்டி நிற்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் சித்தியை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி அப்பாவும் கூடவே ஓடினார். வெகுநேரம் கழித்து மழையில் நனைந்துகொண்டே திரும்பி வந்து, "பொண்ணு! ரெண்டு பேரும் சௌக்கியம்!" என்றார். நான் கதவைத் திறந்து குதித்தேன். அம்மா அசையவே இல்லை.

"நீ அப்பாவோட போய்ப் பாரு. நான் வண்டியைப் பாத்துக்கறேன்."

தங்கையைவிட, பிறந்த குழந்தையைவிட இவளுக்கு வண்டிதான் ஒசத்தி என்று கோபத்துடன் படியேறினேன்.

வானம் கறுத்தாலே அம்மா காரை விட்டுவிட்டு பஸ்ஸில்தான் பாங்குக்குப் போவாள். வைப்பரை மிச்சம் பிடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவரை அவள் ஒருநாள்கூட மழையில் ஓட்டியதில்லை, ஓட்ட அவளுக்கு அவ்வளவு பயம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கல்யாணமாகி, முதல்தடவை அடைமழையில் நானே தனியாக ஓட்டி வீடு சேர்ந்த அன்று, கால் இரண்டும் வெடவெடவென்று ஆட, காரைவிட்டு இறங்கமுடியாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது.