எவேலியோ சுட்டு அழித்த பேர்

சொலோமா ஊரில் ஏப்ரல் மாதம் தெருநாய்கூட சாக்கடைக்குள் இறங்கிப் படுத்துக்கொள்ளும். அந்த வெயிலிலும் எவேலியோ முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரைக்கும் பொத்தான் போட்டுக்கொண்டுதான் மரக்கடைக்கு வேலைக்குப் போவான். பலகை தூக்கித் தூக்கிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கூட வேலை செய்கிறவர்கள் சும்மா விடுவார்களா?

"என்னண்ணே, இன்னிக்கு யார் வீட்டுக் கல்யாணம்?"

"உன் கல்யாணந்தான். பொண்ணுதான் இன்னும் சம்மதிக்கலையாம்," என்பான் எவேலியோ. கையை மட்டும் மடித்துவிட மாட்டான்.

இடது முன்கையின் உள்பக்கம் அவன் பச்சை குத்தியிருந்தான். தொமாசா என்று ஒரே ஒரு பேர். அவனைப் பெற்றவள்.

தொமாசாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் பேரை மட்டும் எழுதுவாள். அந்த எழுத்தும் காற்றடித்துச் சாய்ந்த வேலிக்கம்பு மாதிரி ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் நிற்கும். எவேலியோ வடக்கே ஹூஸ்டனில் கூரை போடும் வேலையில் இருந்தபோது, ஊரிலிருந்து வருகிறவர்களிடம் அவனுக்குப் பாலாடைக்கட்டி கொடுத்தனுப்புவாள். யார் பெட்டி என்று மாறிவிடக் கூடாதே என்று அட்டைப்பெட்டி மேல் தன் பேரை எழுதியிருப்பாள். அவள் செத்த சேதி வந்தபோது அவனால் வர முடியவில்லை. கள்ளத்தனமாகப் போனவன் திரும்பி வந்தால் வந்ததுதான். அன்றைக்கு அந்த அட்டையைக் கிழித்து எடுத்துக்கொண்டு பச்சை குத்துகிறவனிடம் போனான்.

"இதே மாதிரி குத்து. நீ ஒண்ணும் அழகு பண்ண வேணாம்," என்றான்.

பிற்பாடு அவனைப் பிடித்து விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். அட்டை அங்கேயே போயிற்று. கையில் இருந்தது மட்டும் கூடவே வந்தது.

வந்த பிறகுதான் கையில் எழுத்தோடு இந்த ஊரில் இருப்பது என்னவென்று தெரிந்தது. இங்கே பச்சை குத்தியவன் என்றாலே கொலைக்கும்பல் ஆள். பஸ்ஸில் அவன் பக்கத்து இடம் காலியாகவே வரும். வயசானவர்கள் நின்றுகொண்டு வருவார்களே தவிர உட்கார மாட்டார்கள். ஒருநாள் சோதனைக்கு நிறுத்திய சிப்பாய் கேட்டான்.

"தொமாசா யாரு? எந்தக் கும்பலு?"

"எங்க அம்மாங்க."

"ஜெயில்ல இருக்கிறவன் பூரா அம்மா பேரத்தான்டா குத்தியிருக்கான். பாசக்காரப் பசங்க."

அன்றைக்கு வாங்கியதுதான் அந்த முழுக்கைச் சட்டை.

நோல்வியாவிடம் மட்டும் கல்யாணத்துக்கு முன்பே காட்டிவிட்டான். அவள் பார்த்துவிட்டு, "மாமியார் இல்லாத வீடுன்னு நெனச்சு சந்தோஷப்பட்டேன். இங்கதான் உக்காந்திருக்காங்களா?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

கல்யாணமான வருஷம் நவம்பரில் வெள்ளம் வந்து ஆற்றங்கரைக் கல்லறைத் தோட்டத்தை அடித்துக்கொண்டு போனது. தொமாசாவின் பேர் எழுதிய மரச்சிலுவை போன இடம் தெரியவில்லை. எவேலியோ சேற்றுக்குள் நாளெல்லாம் தேடிவிட்டு வந்தான். அதற்குப் பிறகு அவள் பேரைக் கண்ணால் பார்க்க அவன் கை ஒன்றுதான் மிச்சம்.

அவர்களுக்கு யாரெலி என்று ஒரு பெண் குழந்தை. கர்த்தர் கொடுத்த பிள்ளைதான், ஆனால் மூச்சு இரைக்கும். ராத்திரி முழுக்க நெஞ்சுக்குள் விசில் ஊதுகிற மாதிரி சத்தம் கேட்கும். பெரிய கம்பெனியில் வேலை என்றால் குடும்பத்துக்கே காப்பீட்டு ஆஸ்பத்திரியில் வைத்தியம் உண்டு. மரக்கடையில் அதெல்லாம் கிடையாது. நோல்வியா காலையில் பயறு வைத்து மடித்த பலியாதா ரொட்டி சுட்டு விற்பதில் அடுப்புச் செலவு போகப் பெரிதாக ஒன்றும் நிற்காது.

நோல்வியாவின் பெரியம்மா மகள் திக்னா, தையல் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். அவள்தான் வந்து சொன்னாள்.

"துணி மூட்டை ஏத்தி இறக்க ஆள் எடுக்கப் போறாங்க. நான் சொன்னா உள்ள விடுவாங்க. ஆனா மச்சான், நர்சு சட்டையக் கழட்டச் சொல்லிப் பார்க்கும். பச்சை இருந்தா அப்படியே வாசலுக்குத் திருப்பிவிட்ருவாங்க."

"அம்மா பேருன்னு சொன்னா?"

"பாட்டி பேருன்னு சொல்லேன், இன்னும் நல்லா இருக்கும்," என்றாள் திக்னா. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சுட்டுரு மச்சான். எங்க கம்பெனியில இஸ்திரி போடற பசங்க கையெல்லாம் சுட்ட வடுதான். யாரு கேக்கப் போறா?"

இந்தப் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள். எழுத்துதான் ஆபத்து, வடுவுக்கு வாய் கிடையாது என்று.

எவேலியோ உபவாசம் இருந்து ஜெபித்தான். ஆண்டவர் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையின் நெஞ்சு மட்டும் ஊதிக்கொண்டே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினார்கள்.

"போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கலாமா?" என்று கேட்டாள் நோல்வியா.

"வேணாம். சோதனையில போனையும் வாங்கிப் பார்க்கிறான். கையில இருந்தா ஒரு குத்தம், போன்ல இருந்தா ரெண்டு."

ஒரு காகிதத்தில் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று பென்சிலை எடுத்தான். எழுத்து வந்தது. ஆனால் அது அவன் எழுத்தாக வந்தது. அம்மாவின் கோணல் வரவில்லை. மறுபடி மறுபடி எழுதிப் பார்த்துவிட்டுக் காகிதத்தைக் கசக்கி அடுப்பில் போட்டான்.

நோல்வியா, "என்னால முடியாது எவேலியோ," என்று சொல்லிவிட்டாள். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்து, அவன் வலது தோளைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். அவனே வைத்தான். பல்லுக்கு நடுவில் துண்டைக் கடித்திருந்தான். கை தானாக விலகிக்கொண்டது. பேரில் பாதிதான் போயிருந்தது. இரண்டாவது தடவையும் வைக்க வேண்டியதாயிற்று.

புண் ஆறிய பிறகு திக்னா கம்பெனிக்குக் கூட்டிப்போனாள். நர்சு நடுத்தர வயசுக்காரி, களைத்த முகம். அவன் கையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இது என்ன?"

"இஸ்திரிப் பெட்டி சுட்டிருச்சுங்க."

"கையோட உள்பக்கத்துல, இவ்வளவு சதுரமா?" கையை மெதுவாகக் கீழே வைத்தாள். "ஒரு தடவ பட்டா கை தானா பின்னால போகும் தம்பி. இது ரெண்டு தடவ வச்சது. கும்பல்ல இருந்த பசங்க எல்லாம் இப்படித்தான் வர்றாங்க. ஒண்ணுமில்லாதத யாரு சுட்டு அழிப்பா?"

"எங்க அம்மா பேருங்க."

"இருக்கும். இப்ப எனக்கு எப்படித் தெரியும்?"

திக்னா வெளியே வந்து அழுதாள். "எனக்குத் தெரியாது மச்சான், சத்தியமா தெரியாது," என்றாள். அவளைத் தேற்றி அனுப்பும்படி ஆயிற்று எவேலியோவுக்கு.

கும்பல் அடையாளத்தைச் சுட்டு அழித்தவன் என்ற பேச்சு எப்படியோ சபைக்குள் பரவியது. ஆனால் யாரும் விலகிப் போகவில்லை. கைகொடுத்து, கட்டிப்பிடித்து, காணாமல் போன ஆடு திரும்பி வந்தது போல் சந்தோஷப்பட்டார்கள். பாஸ்டர் ருதிலியோ அவனைத் தனியே கூப்பிட்டார். நல்ல மனுஷர். தன் சாப்பாட்டைப் பிறருக்குக் கொடுத்துவிட்டுப் பட்டினி கிடக்கிறவர்.

"சகோதரா, வாழைப்பழம் பேக்கிங் செய்யற ஒரு கம்பெனி, கும்பலை விட்டுத் திருந்தினவங்கள சபை சொன்னா வேலைக்கு எடுத்துக்குது. காப்பீடும் உண்டு. நீங்க சபைக்கு முன்னால சாட்சி சொன்னாப் போதும். நான் உங்களுக்காகப் பேசறேன்."

"பாஸ்டர், நான் எதுலயும் இருந்ததில்ல."

"கர்த்தர் மன்னிச்சாச்சு. இன்னும் எதுக்குப் பயம்?"

அந்த ஞாயிறு எவேலியோ மேடை ஏறினான். சட்டைக் கையை மடித்து வடுவைக் காட்டினான். "இங்க எங்க அம்மா பேர் இருந்துச்சு. வேலைக்காக நானே அதை அழிச்சேன். இதுதான் என் சாட்சி," என்றான். பாஸ்டர் அவன் தோளில் கை வைத்து, "சகோதரனுக்கு முழுசும் சொல்ல இன்னும் பெலன் வரல. ஜெபிப்போம்," என்றார். எல்லாரும் எழுந்து வந்து அவன் தலைமேல் கை வைத்தார்கள். ஒரு வயசான அம்மா அவன் காதில், "எம்மவனும் அதுலதான் இருந்தான் மகனே. அவனுக்கு மேடை ஏறக் கொடுத்து வைக்கல," என்று சொல்லி அழுதாள்.

அந்த வாரம் யாரெலிக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. பொது ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். இருந்த ஒரே ஆக்சிஜன் சிலிண்டருக்குப் பல பிள்ளைகள் காத்திருந்தன. நோல்வியா குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த ஞாயிறு எவேலியோ மறுபடி மேடை ஏறினான். ஒரு கும்பலின் பேரைச் சொன்னான். ஒரு தெருவின் பேரைச் சொன்னான். இந்த ஊரில் வளர்ந்தவனுக்கு அதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அந்தக் கும்பலின் அடையாளம்தான் கையில் இருந்தது என்றான். சபை முழுக்க அல்லேலூயா என்றது. முன்வரிசையில் அந்த வயசான அம்மா இரண்டு கைகளையும் உயர்த்தித் தேம்பினாள். எவேலியோ தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு பேசி முடித்தான்.

வேலை கிடைத்தது. யாரெலிக்கு நல்ல மருந்து கிடைத்தது. இப்போது அவள் மூச்சு வாங்காமல் தெருவில் ஓடுகிறாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

மே மாதம் அன்னையர் தினம் வந்தது. அன்றைக்கு அந்தச் சபையில் ஒவ்வொருவராக எழுந்து, பெற்றவள் பேரைச் சொல்லி நன்றி சொல்லுவார்கள். எவேலியோ எழுந்து நின்றான். வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். பாவம், எப்பேர்ப்பட்ட வாழ்க்கை வாழ்ந்தானோ என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள்.

நோல்வியா எழுந்து அவன் பக்கத்தில் நின்றாள். "தொமாசா," என்று அவனுக்குப் பதிலாக அவள் சொன்னாள்.